சூடிய மாலை சென்ற வழி

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், ஏறத்தாழ 11 கிலோமீட்டர் இடைவெளியில், இரண்டு ஊர்கள் அமைந்துள்ளன. ஒன்று ஸ்ரீவில்லிபுத்தூர், மற்றொன்று இராஜபாளையம். வானளாவிய கோபுரத்தால் பெயர் பெற்றது முன்னது. நூற்பாலைகளால் பெயர் பெற்றது பின்னது. முன்னதில் பிறந்த கதை ஒன்று தெலுங்கு நாடு சென்றது. அங்கே ஒரு பேரரசனின் கையால் காப்பியம் ஆயிற்று. நானூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின் பின்னதில் வாழ்ந்த அறிஞர் ஒருவரால் தமிழுக்குத் திரும்பியது. அதன்பின், சிதார் இசைக்கும் கலைஞர் ஒருவரின் முயற்சியால் ஆங்கில உருக் கொண்டு கடல்களையும் கடந்தது. அக்கதை சென்ற வழியை அறிந்தால், மொழிபெயர்ப்பு என்பது எத்தகைய தொண்டு என்பது விளங்கும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்ந்தவர் விட்டுசித்தர் எனப்படும் பெரியாழ்வார். நந்தவனம் அமைத்து, நாள்தோறும் மலர் பறித்து, மாலை கட்டி, வடபத்திரசாயி கோயிலில் பள்ளிகொண்ட பெருமாளுக்குச் சாத்துவது அவர் மேற்கொண்ட பணி. அவர் தம் துளசி வனத்தில் கண்டெடுத்து வளர்த்த மகளே ஆண்டாள். இறைவனுக்கெனத் தொடுத்த மாலையைத் தந்தை அறியாமல் தான் சூடி அழகு பார்த்து, பின் களைந்து வைப்பது அப்பெண்ணின் வழக்கம் ஆயிற்று. ஒருநாள் அதனைக் கண்ட தந்தை மனம் நொந்து, வேறு மாலை கட்டிக் கொண்டுபோனார். இறைவனோ அவள் சூடிய மாலையே தனக்கு உவப்பானது என உணர்த்தினான் என்பது வைணவ மரபு கூறும் செய்தி. அதனால் அவள் சூடிக்கொடுத்த நாச்சியார் எனப் பெயர் பெற்றாள். கி.பி. 8 அல்லது 9ஆம் நூற்றாண்டினள் என அறிஞர்கள் கருதும் அவள் பாடியவை, 30 பாசுரங்கள் கொண்ட திருப்பாவையும் 143 பாசுரங்கள் கொண்ட நாச்சியார் திருமொழியும் ஆகும்.

இப்பாசுரங்கள் ஏட்டில் மட்டும் வாழ்ந்தவை அல்ல. நாவிலும் செவியிலும் வாழ்ந்தவை. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலில் அரையர் சேவை என்னும் மரபு உண்டு. அரையர் என்போர் தலையில் நெடிய குல்லாய் அணிந்து, கையில் தாளம் ஏந்தி, பாசுரத்தை முதலில் இசையோடு பாடுவர். அடுத்து அபிநயத்தால் அதனைக் காட்டுவர். பின்னர் அதன் பொருளை வகுத்து உரைப்பர். பாடகர், நடிகர், ஆசிரியர் என்னும் மூன்று நிலைகளும் ஒருவரிடமே கூடி நிற்பதை அங்கே காணலாம். இசையை அறிந்தவன் பொருளையும் உரைக்கவேண்டும். பொருளை உரைப்பவன் இசையையும் அறிந்திருக்கவேண்டும் என்பதே அம்மரபின் உட்கருத்து. இக்கருத்தை நினைவிற் கொண்டு மேலே செல்வோம்.

விசயநகரப் பேரரசைக் கிருஷ்ணதேவராயர் 1509 முதல் 1529 வரை ஆண்டார். போரில் வல்லவரான அவர் புலமையிலும் வல்லவர். கலிங்கத்தின்மேல் படையெடுத்துச் சென்ற காலத்தில், கிருஷ்ணை ஆற்றங்கரையில் உள்ள ஸ்ரீகாகுளம் என்னும் தலத்தில் அவர் தங்கினார். அங்கே எழுந்தருளியிருக்கும் ஆந்திர விஷ்ணு அவர் கனவில் தோன்றி, வடமொழியில் நூல்கள் இயற்றிய நீ தெலுங்கிலும் ஒரு காப்பியம் இயற்றுக, சூடிக்கொடுத்தவளுடன் யாம் கூடிய வரலாற்றைப் பாடுக எனப் பணித்தாராம். இச்செய்தியை அரசரே தம் நூலின் முகப்பில் கூறுகிறார். அவ்வாறு பிறந்த நூலே ஆமுக்தமால்யதம். ஆமுக்தம் என்றால் அணியப்பெற்றது. மால்யம் என்றால் மாலை. ஈற்றில் உள்ள எழுத்துக் கொடுப்பவள் என்னும் பொருளைத் தருவது. ஆகவே, சூடிக்கொடுத்தவள் என்னும் தமிழ்ப் பெயரே வடமொழித் தொடராகித் தெலுங்குக் காப்பியத்தின் தலைப்பாய் அமர்ந்தது.

ஆறு ஆசுவாசங்கள் கொண்ட இந்நூல், தெலுங்கின் ஐம்பெருங் காப்பியங்களுள் ஒன்றாக மதிக்கப்படுவது. செய்யுளும் உரைநடையும் விரவிவரும் சம்பு என்னும் வகையைச் சார்ந்தது. பெரியாழ்வார் பாண்டியன் அவையில் வாதிட்டு வென்றதும், ஆண்டாள் வளர்ந்து அரங்கனை மணந்ததும் இதன் நடுக்கதை. ஆயினும் அரசர் அம்மட்டில் நின்றாரல்லர். ஸ்ரீவில்லிபுத்தூரின் தெருக்களையும் வயல்களையும் மகளிரையும் பாடினார்; கோடையின் வெம்மையையும் மழைக்காலத்தின் குளிரையும் பாடினார்; அரச நீதியையும் விரித்துரைத்தார். தமிழகத்துச் சிற்றூர் ஒன்றின் வாழ்வு, துங்கபத்திரைக் கரையில் இருந்த பேரரசனின் தெலுங்கு நூலில் அத்துணைச் செழுமையுடன் இடம்பெற்றது வியப்புக்குரியது அன்றோ?

இக்காப்பியத்தின் கிளைக்கதைகளுள் ஒன்று நம் கருத்தைச் சிறப்பாகக் கவர்வது. மாலதாசரி என்னும் பாணன் ஒருவன் திருக்குறுங்குடிப் பெருமானை நாள்தோறும் வைகறையில் பாடித் தொழுபவன். சமூகம் தாழ்த்தி வைத்த குலத்தில் பிறந்தவன் ஆதலின், கோயிலின் வெளியே நின்றே பாடுவான். ஒருநாள் வழியில் பிரம்மராட்சசன் ஒருவன் அவனைப் பிடித்துக்கொண்டான். பெருமானை ஒருமுறை பாடிவிட்டு வருகிறேன், அதன்பின் என்னை உண்க என வாக்களித்துச் சென்ற பாணன், சொன்ன சொல் தவறாமல் திரும்பி வந்தான். அவன் வாய்மையைக் கண்டு திகைத்த அரக்கன், உன் பாட்டின் பயனை எனக்குத் தா எனக் கெஞ்சினான். பாணன் இரங்கி அதனை ஈந்தான். அரக்கன் சாபம் நீங்கப்பெற்றான். நம்பாடுவான் கதையெனத் தமிழ் வைணவர் போற்றும் வரலாறும் இதுவே. பாட்டின் பயன் பாடியவனோடு நின்றுவிடுவதில்லை. பிறருக்கும் அதனை வழங்கலாம் என்பதை இக்கதை உணர்த்துகிறது. மொழிபெயர்ப்பாளர் செய்வதும் ஏறக்குறைய அதுவே. தாம் ஒரு மொழியில் பெற்ற இன்பத்தை, அம்மொழி அறியாதார்க்கு அவர் ஈந்துவிடுகிறார்.

இனி இராஜபாளையத்திற்கு வருவோம். விசயநகர ஆட்சிக் காலத்தில் தெலுங்கு நாட்டினின்றும் தெற்கே வந்து குடியேறியவர் எனத் தம்மைக் கூறிக்கொள்ளும் ராஜு மரபினர் இவ்வூரில் பெருந்தொகையினராக வாழ்கின்றனர். 1936இல் பி. ஏ. சி. இராமசாமி ராஜா நிறுவிய நூற்பாலை இவ்வூரின் தொழில் வளர்ச்சிக்கு வித்திட்டது. 1949 முதல் 1952 வரை சென்னையில் முதலமைச்சராக விளங்கிய பூ. ச. குமாரசுவாமி ராஜாவும் இவ்வூரினரே. இவர்கள் மரபில் வீட்டில் வழங்கும் மொழி தெலுங்கு; பள்ளியிலும் கடைத்தெருவிலும் வழங்கும் மொழி தமிழ். தாயிடம் ஒரு மொழியும் ஆசிரியரிடம் ஒரு மொழியும் கேட்டு வளரும் சிறுவர்க்கு இரண்டு வழிகள் உண்டு. வீட்டு மொழியை அடுக்களையோடு நிறுத்திக்கொண்டு, அதன் எழுத்தையும் இலக்கியத்தையும் அறியாமல் வாழ்ந்துவிடுவது ஒரு வழி. இரண்டையும் முறையாகக் கற்று, இரண்டுக்கும் இடையே பாலமாக நிற்பது மற்றொரு வழி. இரண்டாவது வழியைத் தேர்ந்துகொண்டவர் மு. கு. ஜகந்நாதராஜா.

1933இல் இராஜபாளையத்தில் பிறந்த ஜகந்நாதராஜா, தமிழும் தெலுங்கும் கற்றதோடு அமையவில்லை. வடமொழியும் பிராகிருதமும் பாலியும் உள்ளிட்ட பல மொழிகளில் பயிற்சி பெற்றுப் பன்மொழிப் புலவர் எனப் பாராட்டப்பெற்றார். இம்மொழிகளுள் சில, இன்று எந்த ஊரிலும் பேசப்படாதவை. அவற்றைக் கற்பதால் வணிகம் பெருகாது, பதவியும் கிடைக்காது. ஆயினும் அவற்றில் உறங்கிக் கிடக்கும் செல்வத்தைத் தமிழுக்குக் கொண்டுவரவேண்டும் என்னும் வேட்கையே அவரைச் செலுத்தியது.

அவர் தமிழாக்கிய நூல்களுள் ஒன்று காதா சப்தசதி. சாதவாகன அரசன் ஹாலன் தொகுத்ததாகக் கூறப்படும் இந்நூல், மகாராட்டிரப் பிராகிருதத்தில் அமைந்த 700 சிறு செய்யுட்களின் தொகுதி. அரண்மனையை அன்று, சிற்றூரை அது பாடுகிறது. உழவனும் வேடனும், பிரிந்த தலைவனும், காத்திருக்கும் தலைவியும், செய்தி கொண்டு செல்லும் தோழியும் அதில் உலவுகின்றனர். சங்க அகப்பாடல்களைப் பயின்ற எவர்க்கும் இவர்கள் புதியவர் அல்லர். அமெரிக்க நாட்டில் பெர்க்கிலி நகரத்துக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்த ஜார்ஜ் ஹார்ட், 1975இல் வெளியிட்ட தம் ஆய்வு நூலில் இவ்விரு மரபுகளுக்கும் உள்ள ஒப்புமையை விரிவாக எடுத்துரைத்தார். ஆய்வாளர் ஒப்பிட்டுக் காட்டியதைத் தமிழ் மாணவர் தாமே படித்து உணரும்படி செய்தது ஜகந்நாதராஜாவின் மொழிபெயர்ப்பு.

ஆனால் அவர் பணிகளுள் இப்பகுதி மக்களுக்கு மிக நெருக்கமானது ஆமுக்தமால்யதத்தின் தமிழாக்கமே. அதற்காக அவருக்கு 1989ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அக்காதெமி மொழிபெயர்ப்புப் பரிசு வழங்கப்பெற்றது. தெலுங்கு பேசும் குடியில் பிறந்து, தமிழ்நாட்டில் வளர்ந்து, ஆண்டாளின் ஊருக்கு அண்மையில் வாழ்ந்த ஒருவர், தெலுங்குப் பேரரசன் பாடிய அவளது வரலாற்றை அவள் பாடிய மொழிக்கே மீட்டுத் தந்தார். 2008இல் அவர் மறைந்தார்.

ஜகந்நாதராஜா மறைந்த இரண்டாண்டுகளில், 2010இல், அதே காப்பியம் ஆங்கிலத்தில் நூலாக வெளிவந்தது. அதனை மொழிபெயர்த்தவர் ஸ்ரீநிவாஸ் ரெட்டி. இவரைப் புலவர் என்று மட்டும் கூறினால் குறைவாகும். இவர் மேடையேறிச் சிதார் இசைக்கும் கலைஞரும் ஆவார். புகழ்பெற்ற சிதார் மேதை நிகில் பானர்ஜியின் மாணவரான பார்த்தா சாட்டர்ஜியிடம் இவர் இசை பயின்றார். பின்னர், மேலே கூறிய பெர்க்கிலியில் தென்னாசியச் செம்மொழிகளையும் இலக்கியங்களையும் கற்று, ஆமுக்தமால்யதத்தையே ஆய்வுப் பொருளாகக் கொண்டு முனைவர் பட்டம் பெற்றார். அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணியும் ஆற்றினார். காளிதாசனின் மாளவிகாக்கினிமித்திரத்தை 2014இலும், மேகதூதத்தை 2017இலும் ஆங்கிலத்தில் தந்தார். 2020இல் கிருஷ்ணதேவராயரின் வாழ்க்கை வரலாற்றையும் எழுதி வெளியிட்டார்.

இசைக் கலைஞர் ஒருவர் மொழிபெயர்ப்பாளரும் ஆனது எங்ஙனம் என்று சிலர் வினவக்கூடும். இவ்விரு கலைகளின் பயிற்சி முறையை எண்ணிப் பார்த்தால் வியப்புத் தோன்றாது. சிதார் கற்கும் மாணவன் ஏட்டைப் பார்த்துக் கற்பதில்லை. ஆசிரியர் ஒரு சிறு பகுதியை வாசித்துக் காட்டுவார். மாணவன் அதனைச் செவியில் வாங்கித் தன் கருவியில் திரும்ப இசைப்பான். பிழை நேர்ந்தால் மீண்டும் கேட்பான், மீண்டும் இசைப்பான். ஒரே இராகத்தில் ஆண்டுக்கணக்காக இவ்வாறு உழைப்பதும் உண்டு. பிறமொழி கற்பவன் நிலையும் இதுவே. முதலில் கேட்கவேண்டும், கேட்டதைப் பிழையறச் சொல்லவேண்டும், சொல்லியதன் பொருளை உள்ளத்தில் இருத்தவேண்டும். தன் விருப்பத்தை ஒதுக்கிவைத்து, மற்றவர் குரலுக்குச் செவிசாய்க்கும் பொறுமையே இரண்டுக்கும் அடிப்படை.

மேலும் ஓர் ஒப்புமை உண்டு. ஒரே இராகத்தை வீணையிலும் வாசிக்கலாம், குழலிலும் வாசிக்கலாம். வீணையின் கமகத்தைக் குழலில் அப்படியே பெறவியலாது. குழலின் நீண்ட மூச்சு வீணைக்கு இல்லை. ஆயினும் கைதேர்ந்த கலைஞன் தன் கருவியின் இயல்பை அறிந்து, இராகத்தின் உயிர் கெடாமல் அதனை வெளிப்படுத்துகிறான். மொழியும் ஒரு கருவியே. ஆமுக்தமால்யதத்தைத் தமிழில் தந்தவர்க்கும் ஆங்கிலத்தில் தந்தவர்க்கும் கைவந்த கருவிகள் வேறு. அவற்றால் நேர்ந்த இடர்களும் வேறு.

தெலுங்குச் செய்யுளில் பிராசம் என்றும் யதி என்றும் இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. அடிதோறும் இரண்டாம் எழுத்து ஒத்துவருவது பிராசம். அது தமிழில் உள்ள எதுகையைப் போன்றது. அடியின் முதலெழுத்தோடு, அதே அடியில் குறித்த ஓரிடத்தில் வரும் எழுத்து ஒத்துவருவது யதி. அது மோனையைப் போன்றது. ஆதலின் தமிழ் கற்றவன் செவிக்குத் தெலுங்குச் செய்யுளின் ஓசை அயலானது அன்று. ஆங்கிலத்திலோ அடியின் முடிவில் ஓசை ஒத்துவருவதே பெருவழக்கு. இரண்டாம் எழுத்தின் ஒற்றுமையை ஆங்கிலச் செவி எதிர்பார்ப்பதில்லை. எனவே ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பவர் அக்கட்டுப்பாட்டை விடுத்து, கருத்தின் ஏற்ற இறக்கத்தால் ஓசை நயம் காணவேண்டியிருக்கிறது.

தமிழில் மொழிபெயர்ப்பவர்க்கு இடரே இல்லை என்று எண்ணிவிடலாகாது. கிருஷ்ணதேவராயரின் நடை கடினமானது எனத் தெலுங்கறிஞரே கூறுவர். நீண்ட வடமொழித் தொகைச் சொற்கள் ஒன்றோடொன்று பின்னி, ஒரே செய்யுளில் ஒரு முழுக் காட்சியையும் அடக்கிவிடும். அவற்றைப் பிரித்து, எது எதனைத் தழுவி நிற்கிறது எனத் தெளிந்தபின்னரே தமிழில் ஒரு சொல்லேனும் எழுத இயலும்.

தலைப்பு ஒன்றே இவ்வேறுபாட்டைக் காட்டப் போதுமானது. தமிழர்க்குச் சூடிக்கொடுத்தவள் என்றால் கதை முழுவதும் கண்முன் வந்துவிடும். ஆங்கிலத்திலோ, சூடிய மாலையைத் தருபவள் எனப் பொருள்படும் தொடரைத் தலைப்பாக ரெட்டி அமைத்தார். அதில் சூடிய என்பதற்கு அவர் எடுத்துக்கொண்ட ஆங்கிலச் சொல்லுக்கு அணியப்பட்டது என்னும் பொருளோடு, பயன்பட்டுத் தேய்ந்தது என்னும் பொருளும் உண்டு. ஒருவர் அணிந்து களைந்த மலர் இறைவனுக்கு ஆகாது என்பதே உலக வழக்கு. அந்த வழக்கை அன்பு வென்றது என்பதே ஆண்டாள் கதையின் மையம். ஆங்கிலச் சொல்லின் இரட்டைப் பொருள் அம்மையத்தைத் தானாகவே தொட்டு நிற்கிறது. மொழிபெயர்ப்பில் சில இழக்கப்படுவது உண்மை. எதிர்பாராமல் சில பெறப்படுவதும் உண்மை.

இவ்விருவர் வாழ்வும் மாணவர்க்கு உணர்த்துவது யாது? தமிழ்நாட்டில் தெலுங்கு, கன்னடம், மலையாளம், உருது, சௌராட்டிரம் முதலிய மொழிகளை வீட்டில் பேசும் மாணவர் பலர் உள்ளனர். வீட்டு மொழி வேறு, பள்ளி மொழி வேறு என்பதால் தம்மைக் குறையுடையவராகச் சிலர் கருதக்கூடும். அவ்வாறு கருதும்படி பிறர் பேசுவதும் உண்டு. உண்மையில் அது குறையன்று. பிறர் ஆண்டுக்கணக்கில் உழைத்துப் பெறவேண்டிய ஒன்றைப் பிறப்பிலேயே பெற்ற பேறு அது. ஆனால் அப்பேறு பயன் தரவேண்டுமாயின், பேச்சோடு நின்றுவிடாமல் எழுத்தையும் இலக்கியத்தையும் கற்கவேண்டும்; அதுபோலவே தமிழையும் ஐயந்திரிபறக் கற்கவேண்டும். ஒரு மொழியில் மட்டும் புலமையும் மற்றொன்றில் அரைகுறைப் பழக்கமும் உடையவர் பாலம் ஆகமாட்டார். இரு கரைகளிலும் உறுதியாக ஊன்றி நிற்பதே பாலம். வீட்டில் தமிழ் ஒன்றையே பேசும் மாணவரும், வேறொரு மொழியை விரும்பிக் கற்று அத்தகைய பாலம் ஆகலாம்.

ஆண்டாள் சூடிய மாலை இன்றும் ஸ்ரீவில்லிபுத்தூரில் தங்கிவிடுவதில்லை. ஆண்டுதோறும் சித்திரைத் திருவிழாவில் மதுரைக்கு எழுந்தருளும் கள்ளழகருக்கு அது செல்கிறது. புரட்டாசிப் பிரம்மோற்சவத்தில் திருமலையில் கருடசேவை நிகழும்போது, தெலுங்கு வழங்கும் அத்தலத்தின் பெருமானுக்கும் அது சாத்தப்படுகிறது. தமிழ் மண்ணில் பூத்த மலர், தொடுத்தவர் கையினின்றும் நீங்கி, மொழி எல்லையைக் கடந்து சென்று மணம் வீசுகிறது. மாலையைச் சுமந்து செல்வோர் பெயரை எவரும் கேட்பதில்லை. ஆயினும் அவர்கள் வாடாமல் கொண்டு சேர்த்தாலன்றி அம்மாலைக்குப் பயன் இல்லை. மொழிபெயர்ப்பாளர் தொண்டும் அத்தகையதே.